மூன்று முறை எடுத்த கை அச்சு

பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, காலை பத்து மணி. தேனாம்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த தன் பல்செட்டு லேபில் அஃப்சருன்னிசா யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். மரப்படிகள் தடதடத்தன. மாளவிகா உள்ளே வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. தோளில் மாட்டியிருந்த நீளப் பையை மேஜைமேல் போட்டு, ஜிப்பை இழுத்து, துப்பாக்கியை வெளியே எடுத்தாள்.

"இதை என்ன பண்ணி வெச்சிருக்கேள், சொல்லுங்கோ. நான் அழுத்தவே இல்லை. அதுவா சுட்டுடுத்து!"

அஃப்சருன்னிசா மோட்டாரை நிறுத்தினாள். மூன்று வருஷப் பழக்கத்தில் மாளவிகா குரலை உயர்த்தி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நிதானமா சொல்லுங்க மேடம். என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. ஏர் ரைஃபிள், பத்து மீட்டர் தூரம், நாற்பது குண்டு. முப்பது குண்டுவரை மாளவிகா மூன்றாவது இடத்தில் இருந்தாள். மூன்று பேரை எடுப்பார்கள். முப்பத்தொன்றாவதுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தில் சாய்த்து, குறி இன்னும் கறுப்பு வட்டத்துக்கு வந்து நிற்கவில்லை, டப் என்று போய்விட்டது. அட்டையில் கறுப்புக்கு வெளியே, வெள்ளையில் ஓட்டை. இரண்டு மார்க். அந்த அதிர்ச்சியில் அடுத்த மூன்றும் கெட்டன. முப்பத்தாறாவது மறுபடியும் அதே மாதிரி தானாகப் போனது. அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு விலகி வந்துவிட்டாள்.

"எல்லார் எதிர்லயும்," என்றாள். கண் சிவந்திருந்தது. "இந்த ட்ரிக்கரைச் செஞ்சது நீங்கதானே."

அஃப்சருன்னிசா பல்செட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் இரண்டு சந்துக்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடம் முடித்ததும் டென்டல் மெக்கானிக் படிப்பில் சேர்ந்தபோது பதினான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்தால் மதியம் வரை தலை நிமிராது. அண்ணா சாலையிலிருந்து அடையாறு வரை முப்பது பல் டாக்டர்கள் அவளுக்கு வேலை அனுப்பினார்கள். பாதிப்பேர் அவளை நேரில் பார்த்ததுகூட இல்லை. டப்பாவில் அச்சு வரும், டப்பாவில் பல்செட்டு போகும்.

துப்பாக்கிக்கும் அவளுக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்றால், அது மாளவிகாவின் மாமியாருடைய உடைந்த பல்செட்டால் வந்தது. மாளவிகா மயிலாப்பூர், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. வங்கியில் ஆபீசர். கணவர் ஸ்ரீநாத் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்தார். கல்லூரியில் என்.சி.சி.யில் ஆரம்பித்த சுடுகிற பழக்கத்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல், ஞாயிறுதோறும் கிண்டிப் பக்கம் ஒரு கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். 1994 மார்ச்சில் உடைந்த பல்செட்டை அவசரமாக ஒட்டித் தரச்சொல்லி நேரே லேபுக்கே வந்தவள், அலமாரியில் தேதி போட்டு வரிசையாக நின்ற பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்தாள். ஒரு தாடையில் டாக்டரின் கட்டைவிரல் ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது.

"இதே மாதிரி ஒரு கையை அச்சு எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவளுடைய துப்பாக்கி ஜெர்மனியில் ஆறடி ஆம்பிளைக்காகச் செய்தது. ஒரு சீனியரிடம் வாங்கியது. அதன் ஸ்டாக், அதாவது தோளில் முட்டி, கன்னத்தில் சாய்ந்து, கையில் பிடிபடுகிற அந்த மரப்பகுதி, அவளுக்கு எதிலும் பொருந்தவில்லை. கழுத்தை நீட்டினால் கன்னம் எட்டாது. பிடியைப் பிடித்தால் விரல் ட்ரிக்கரைத் தேடும்.

அஃப்சருன்னிசா யோசித்தாள். வாய்க்குள் அரை மில்லிமீட்டர் உறுத்தினாலே மனுஷன் சாப்பிட மாட்டான். அந்த உறுத்தலைத் தேடிப்பிடித்துத் தேய்ப்பதுதானே தன் தொழில். சரி என்றாள்.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் கனகராஜ். போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். மரத்தை அறுப்பதும் இயந்திரத்தைத் திறப்பதும் அவர் வேலை. உடம்புக்குப் பொருத்துவது அஃப்சருன்னிசாவின் வேலை. மாளவிகாவின் கையைப் பிடிக்கிற நிலையிலேயே மடக்கி, பல் அச்சு எடுக்கும் ரப்பர் பசையில் அழுத்தி, அதில் பிளாஸ்டர் ஊற்றி ஒரு வெள்ளைக் கையைச் செய்தாள். அந்தக் கைக்குள் மெழுகை வைத்துப் பிடியைச் செதுக்கி, பல்செட்டுக்குப் போடும் அக்ரிலிக்கில் வார்த்தாள். கன்னம் சாயும் பலகைக்கு நாலு தடவை உப்புத்தாள் போட்டாள். ட்ரிக்கருக்கு விரல்நுனியை மெழுகில் பதித்து, பல்லுக்கு உறை வார்க்கிற அதே உலோகத்தில் சின்னக் கிண்ணம்போல் ஒரு நாக்கு வார்த்துக் கொடுத்தாள். கனகராஜ் அதைத் திருகில் முடுக்கி, துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, ட்ரிக்கரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, சரியாக நூறு கிராமில் விடுகிற மாதிரி வைத்தார்.

"இன்னாம்மா இது," என்றார் கனகராஜ் பிடியைத் தடவிப் பார்த்து. "இந்த வேலையக் காட்டி நானே பல்லுப் புடுங்கிக்கினு உங்களாண்ட வரலாம் போல கீது."

மாளவிகாவின் மார்க் ஏறியது. கிளப்பில் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பல்செட்டுக்கு நடுவில் வருஷத்துக்கு ஐந்தாறு துப்பாக்கிப் பிடிகள் செய்வது அஃப்சருன்னிசாவுக்குப் பழகிவிட்டது.

மறு வருஷம் மழைக்காலத்தில் மாளவிகா வந்து, பிடி இறுக்குகிறது என்றாள். ஈரத்தில் உள்ளே இருக்கிற மரம் ஊதியிருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். புது அச்சு, புதுப் பிடி. 1996 நவம்பரில் மறுபடியும் அதே புகார். மறுபடி அச்சு, மறுபடி பிடி. ட்ரிக்கர் நாக்கை மட்டும் மாற்றவில்லை. அது உலோகம், ஊதாது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே அஃப்சருன்னிசா கனகராஜுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். மாளவிகா அங்கேயே காத்திருக்க, அவர் எடைக்கல்லோடு வந்தார். பத்து தடவை தொங்கவிட்டார். பத்து தடவையும் நூறு கிராம்.

"மேடம், ட்ரிக்கர் மேல தப்பே இல்ல. கல்லு மாதிரி கீது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்டி சொல்லல மேடம்."

மாளவிகா துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். படி இறங்கும்போது, "வேற யார்கிட்டயாவது குடுத்துப் பார்த்துக்கறேன்," என்றாள். அந்தச் சொல் அஃப்சருன்னிசாவைச் சுட்டுவிட்டது. தன் வேலையில் பிசகில்லை என்று காட்டியாக வேண்டும். மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அலமாரியிலிருந்து மாளவிகாவின் மூன்று பிளாஸ்டர் கைகளையும் இறக்கினாள். மார்ச் 94. அக்டோபர் 95. நவம்பர் 96. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மேஜை விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மூன்றையும் சேர்த்து வைத்தால் அவை ஒரே ஆளின் கைபோல இல்லை. அக்கா தங்கைகூட இல்லை. ஏதோ அம்மா, மகன், அப்பா என்று மூன்று பேர் கையை வைத்த மாதிரி இருந்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். ஆள்காட்டி விரலின் நடு மூட்டு: முதல் கையில் பதினாறு மில்லிமீட்டர், இரண்டாவதில் பதினேழரை, மூன்றாவதில் கிட்டத்தட்ட இருபது. உள்ளங்கை அகலம் எட்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. தான்தான் தப்பாக அளக்கிறோம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப அளந்தாள். பிளாஸ்டர் காயும்போது விரியும்தான். ஆனால் ஒரு தலைமுடி அளவு. இவ்வளவு விரியாது.

மாளவிகா குண்டாகவில்லை. முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அப்படியே. கை மட்டும் எப்படி?

அப்போதுதான் அவளுக்கு ஞானமுத்து ஞாபகம் வந்தது.

ஞானமுத்து சைதாப்பேட்டைக்காரர், ரயில்வேயில் இருந்தவர். ஒரு டாக்டர் மூலம் ஐந்து வருஷத்தில் அவருக்கு நாலு பல்செட்டு செய்திருக்கிறாள். ஒவ்வொன்றும் ஒரு வருஷத்தில் பொருந்தாமல் திரும்பி வரும். கீழ்த்தாடை முன்னால் முன்னால் வந்துகொண்டே இருந்தது. 'மோசமான வேலை' என்று டாக்டர் சீட்டில் எழுதி அனுப்புவார். அவள் வாயை மூடிக்கொண்டு மறுபடி செய்து கொடுப்பாள். கடைசியில் டாக்டர் வேறு லேபுக்கு மாறிவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் டெக்னீஷியன்களுக்கு நடந்த ஒரு வகுப்பில், ஒரு பேராசிரியர் திரையில் படம் காட்டினார்: முன்னே தள்ளிய கீழ்த்தாடை, இடைவெளி விட்ட பற்கள், தடித்த விரல்கள். வளர்ந்து முடிந்த மனுஷனுக்கு மறுபடி எலும்பு வளரும் நோய் ஒன்று உண்டு, மூளைக்கு அடியில் கட்டி வந்தால் அப்படி ஆகும் என்றார். அது அப்படியே ஞானமுத்துவின் தாடை. டாக்டர் கவனித்திருப்பார், நமக்கென்ன என்று அவள் அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டாள்.

இப்போது மாளவிகாவின் முகத்தை மனதில் கொண்டுவந்து பார்த்தாள். கீழ்வரிசையில் முன்பற்களுக்கு நடுவே சந்து. அது 94இல் இருந்ததா? கன்னப் பலகையைப் போன தடவை ஏன் திருகில் இரண்டு சுற்றுத் தாழ்த்தச் சொன்னாள்?

சாயங்காலம் வீட்டில் கணவர் அப்துல் கரீமிடம் சொன்னாள். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ பல்லு செய்யறவ. டாக்டர் இல்ல. ஏற்கெனவே கோவமா இருக்காங்க. உன் தப்பை மறைக்கறதுக்கு அவங்களுக்கு நோய்னு சொல்றியான்னு கேட்டா?"

கேட்பாள்தான். அஃப்சருன்னிசாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்து வங்கிக்குப் போன் செய்தாள். ட்ரிக்கரில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டேன், மத்தியானம் வந்து போங்கள் என்றாள். அது பாதி பொய்.

மாளவிகா விறைப்பாக வந்து உட்கார்ந்தாள். அஃப்சருன்னிசா முதல் கையை வார்த்த பழைய ரப்பர் அச்சை எடுத்து வைத்தாள். உள்ளே குடைவாக, கை நுழைகிற மாதிரி இருக்கும்.

"இதுல கைய வைங்க மேடம்."

மாளவிகா வைத்தாள். விரல்கள் குடைவின் வாயிலேயே நின்றுவிட்டன. அழுத்தினாள். போகவில்லை.

"இது என்னோடது இல்லை."

"உங்களோடதுதான். உங்க பேரு, தேதி, என் கையெழுத்து."

மூன்று வெள்ளைக் கைகளையும் வரிசையாக வைத்து அளவுகளைச் சொன்னாள். மாளவிகா முதல் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"விரல் மரத்துப் போகுதா?" என்று அஃப்சருன்னிசா கேட்டாள்.

"கார்த்தால எழுந்துண்டா குத்தும். கம்ப்யூட்டர்ல தட்டறதாலன்னு..." பாதியில் நிறுத்தினாள். "அதான் ட்ரிக்கர் மேல விரல் பட்டது எனக்குத் தெரியலையா?"

"இருக்கலாம். விரலும் தடிச்சிருக்கு, உணர்ச்சியும் கம்மி. மோதிரம் எங்க மேடம்?"

"போன வருஷம் ஆசாரிகிட்டப் போய் வெட்டி எடுத்தோம். இறுக்கிடுத்து." மாளவிகாவின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. "செருப்பும் ரெண்டு சைஸ் மாறிடுத்து. ஆத்துல எல்லாரும் வயசாறதுன்னு சிரிச்சா. என்ன சொல்ல வர்றேள் நீங்க? நேரா சொல்லுங்கோ."

அஃப்சருன்னிசா சொன்னாள். தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், ஆனால் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள் என்றாள். மூளை என்ற சொல் வந்ததும் மாளவிகா விருட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஒரு ட்ரிக்கர் கேட்டேன் உங்ககிட்ட. தலைல கட்டின்னா?"

கதவு வரை போனாள். திரும்பி வந்தாள். மூன்று கைகளையும் புடவைத் தலைப்பில் அள்ளிக்கொண்டாள். "இவருக்குக் காட்டணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஸ்ரீநாத் அன்று மாலையே போன் செய்தார். அதற்கு முன் அவர் அஃப்சருன்னிசாவிடம் பேசியதே இல்லை. "தினமும் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன். நான் பார்க்கலையே," என்று அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

பத்து நாளில் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் இருக்கவேண்டியதைப்போல் பல மடங்கு. ஸ்கேனில், கண் நரம்புகளுக்கு அடியில் பட்டாணி அளவு இருக்கவேண்டிய சுரப்பியில் ஒரு நெல்லிக்காய் அளவுக் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் முதலில் பார்வை, அப்புறம் சர்க்கரை, இதயம் என்று ஒவ்வொன்றாகப் போயிருக்கும். குறைந்தது ஆறு வருஷமாக வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டபோது, துப்பாக்கிக்குக் கைப்பிடி செய்கிற பல்செட்டு லேப்காரம்மா என்று ஸ்ரீநாத் சொல்ல, டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவரையே பார்த்தாராம்.

செய்தி கேட்டு அஃப்சருன்னிசாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தான் நினைத்தது தப்பாகத்தான் இருக்கும் என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் பழைய சீட்டுகளைக் கிளறி ஞானமுத்துவின் விலாசத்தைத் தேடி எடுத்து, சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி தங்கபுஷ்பம்.

"அவரா? அவர் போயி மூணு வருஷம் ஆகுதே. தூக்கத்துலயே போய்ட்டாரு. இதயம் ரொம்பப் பெருசா ஆயிருந்துச்சுன்னு சொன்னாங்க," என்றாள். "நீங்க?"

"அவருக்குப் பல்லு செஞ்சவ நான்."

"ஐயோ, நீங்களா! உள்ள வாங்க. எந்தப் பல்லும் அவருக்கு ஒத்துக்கலம்மா. ஆளே மாறிட்டாரு கடைசில. காலுக்குச் செருப்பே கிடைக்காது, சொல்லித்தான் தைக்கணும்."

அஃப்சருன்னிசா உட்கார்ந்தாள். காபி வந்தது, குடித்தாள். எதற்கு வந்தாள் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லி அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது? சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச்சில் மாளவிகாவுக்கு ஆபரேஷன் ஆனது. மண்டையைத் திறக்கவில்லை, மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுத்தார்கள். நாலாம் நாள் அஃப்சருன்னிசா பார்க்கப் போனாள். மூக்கில் பஞ்சு அடைத்து, முகம் வீங்கி, மாளவிகா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையை நீட்டினாள். அஃப்சருன்னிசா தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஜனவரியில் பிசைந்த மாவுபோல் தடித்திருந்த விரல்களில் தோல் சுருங்கி, மூட்டுகள் தெரிந்தன. நாலே நாளில்!

"தண்ணி வடியறாப்பல வடியறது," என்றாள் மாளவிகா மூக்கடைத்த குரலில். "ஊசி குத்தற மாதிரி இருந்ததும் போயிடுத்து. கார்த்தாலேர்ந்து ஒவ்வொரு விரலா தொட்டுத் தொட்டுப் பார்த்துண்டே இருக்கேன்." பிறகு, "அன்னிக்கு நான் உங்களைப் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க மேடம். பேசினா மூக்கு வலிக்கும்."

வளர்ந்த எலும்பு குறையாது, தாடை அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாளவிகா அதற்காக ஒரு வாரம் அழுதாள், அப்புறம் அழவில்லை. ஆறு மாதம் கழித்து நாலாவது தடவையாகக் கை அச்சு எடுத்தார்கள். பிடி, கன்னப் பலகை, ட்ரிக்கர் நாக்கு எல்லாமே புதிது. மூன்றாவது கையைவிட நாலாவதில் விரல் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கனகராஜ் எடைக்கல் தொங்கவிட்டபோது, இருபது கிராம் கூட்டியே வையுங்கள் என்றாள் மாளவிகா. பயம் போகவில்லை. மாநில அணிக்குள் அவள் அதற்குப் பிறகும் நுழையவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போவதை நிறுத்தவும் இல்லை.

1998இல் அந்த ஹார்மோன் டாக்டர் ஆள் அனுப்பி, தன் மாணவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு அஃப்சருன்னிசாவை அழைத்தார். அவள் பயந்துபோய் வரமாட்டேன் என்றாள். அப்துல் கரீம்தான், "நான் அன்னிக்குத் தடுத்தேன். அதுக்காகவாவது போ," என்று அனுப்பிவைத்தார். ஐம்பது பேர், எல்லாரும் வெள்ளைக் கோட்டு. அவள் மேடையில் ஏறியதும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேடம், வீட்டுல யாருக்குமே தெரியலை. உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது?" என்று கேட்டாள்.

"சந்தேகம் வரலம்மா," என்றாள் அஃப்சருன்னிசா. "அவங்க என் வேலைல தப்புன்னு சொன்னாங்க. எனக்குக் கோவம். தப்பு என்மேல இல்லன்னு காட்டத்தான் அளந்தேன். அன்னிக்கு அவங்க திட்டாம இருந்திருந்தா, நாலாவது பிடியும் செஞ்சு குடுத்துட்டு நான்பாட்டுக்கு இருந்திருப்பேன்."

கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கி வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமலே கிளம்பி, வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அடையாறில் ஒரு டாக்டருக்கு மூன்று மணிக்குள் கீழ்வரிசைப் பல்செட்டு ஒன்று போய்ச் சேரவேண்டியிருந்தது.